மூட்டுவலிக்கு ஓசோன் ஊசியா, ஸ்டீராய்டு ஊசியா?

முழங்கால் தேய்மானத்துக்கு ஊசி என்றால் பெரும்பாலும் ஸ்டீராய்டுதான். டிரையாம்சினலோன் 40 மி.கி. மூட்டுக்குள் போட்டால் சில நாட்களில் வீக்கம் வடியும், நாலைந்து வாரம் நிம்மதியாக நடக்கலாம். அப்புறம் வலி திரும்பும். சர்க்கரை நோயாளிகளுக்குச் சில நாட்கள் சர்க்கரை அளவு எகிறும். 3 மாதத்துக்கு ஒருமுறை என 2 ஆண்டுகள் போட்டுப் பார்த்த அமெரிக்க ஆய்வு 2017இல் வெளியானது. உப்புநீர் ஊசி போட்டவர்களைவிட வலி பெரிதாகக் குறையவில்லை. குருத்தெலும்புதான் கூடுதலாகத் தேய்ந்திருந்தது.

ஓசோன் கதை வேறு. அது ஒரு வாயு, புட்டியில் வாங்கி வைக்க முடியாது. ஆக்ஸிஜன் சிலிண்டரோடு இணைத்த கருவி அங்கேயே தயாரிக்கும். சிரிஞ்சில் ஏறுவதில் ஏறக்குறைய எல்லாமே ஆக்ஸிஜன், ஓசோன் 5 சதவீதத்தைத் தாண்டாது. சீக்கிரம் சிதைந்துவிடும், அதனால் கையோடு போட்டாக வேண்டும். ஒன்றோடு முடியாது, வாரம் ஒன்றாகப் பல ஊசிகள். பிரேசிலில் வெறும் காற்றூசியோடு ஒப்பிட்ட ஆய்வில் 8 வாரத்தில் வலி நன்றாகவே குறைந்தது. ஆனால் பெரிய, நீண்டகால ஆய்வுகள் குறைவு. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின் விதியில் ஓசோன் இன்னும் நச்சு வாயுதான். மூச்சில் போனால் நுரையீரலுக்குக் கெடுதல். ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி என்ற என்சைம் குறைபாடு உள்ளவர்களுக்குக் கூடாது.

என்னைக் கேட்டால், கல்யாணம், பயணம் என்று ஒரு மாதம் தாக்குப்பிடிக்க ஸ்டீராய்டு சரி. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர் ஓசோன் பற்றி எலும்பு மருத்துவரிடம் கேட்டுப் பார்க்கலாம். குருத்தெலும்பு புதிதாக முளைக்கும் என்று சொல்லி, பத்து ஊசிக்கும் சேர்த்து முன்பணம் கேட்டால் மட்டும் எழுந்து வந்துவிடுங்கள்.