ஃப்ளோரிடா ஷார்ட் சேல் காண்டோ: எஸ்டாப்பல் சர்டிபிகேட்டுக்குக் கொடுக்கும் காசு தகுமா?

தகும். வீட்டின் மேல் எவ்வளவு பாக்கி என்று உரிமையாளர் அசோசியேஷன் எழுத்தில் தரும் சான்றுதான் எஸ்டாப்பல் சர்டிபிகேட். ஷார்ட் சேலில் (வங்கி சம்மதத்துடன், கடனைவிடக் குறைந்த விலைக்கு நடக்கும் விற்பனையில்) காண்டோ, அதாவது அடுக்குமாடி வீடு, வாங்கும்போது இதைவிட உருப்படியான செலவு வேறில்லை. ஃப்ளோரிடா சட்டம் 718.116-இன்படி, பழைய உரிமையாளர் வைத்துவிட்டுப் போன அசோசியேஷன் பாக்கிக்குப் புதியவரும் சேர்ந்தே பொறுப்பு. "12 மாத பாக்கி அல்லது மூலக் கடனில் 1 சதவீதம், எது குறைவோ அது" என்ற சலுகையை நம்பி இறங்குகிறவர்கள் உண்டு. அது ஃபோர்க்ளோஷரில் (கடன் கட்டாததால் நடக்கும் ஜப்தியில்) வீட்டை எடுக்கும் முதல் அடமான வங்கிக்கானது, உங்களுக்குக் கிடையாது.

கணக்கைப் பாருங்கள். அசோசியேஷன் கட்டணம் மாதம் 450 டாலர், 26 மாதம் கட்டவில்லை: அசல் 11,700. காண்டோ பத்திரத்தில் வட்டி விகிதம் எழுதாவிட்டால் ஆண்டுக்கு 18 சதவீதம், ஏறக்குறைய 2,200. தவணைக்கு 25 டாலர் வீதம் தாமதக் கட்டணம் 650. வக்கீல் பில் சேரும் முன்பே 14,500 தாண்டிவிட்டது. நடுவில் கொஞ்சம் கட்டியிருந்தாலும் அசல் அசையாது. பணம் முதலில் வட்டிக்கும் தாமதக் கட்டணத்துக்கும் வக்கீல் செலவுக்கும்தான் போகும்.

ஷார்ட் சேலுக்குச் சம்மதித்து வங்கி தரும் அப்ரூவல் லெட்டர் இந்தப் பாக்கிக்கு 3,000 மட்டும் ஒதுக்கினால், மீதி யார் தலையில் என்று குளோசிங்குக்கு (வீடு கைமாறும் நாளுக்கு) முன்பே தீர்த்துக்கொள்ளுங்கள். வட்டி, தாமதக் கட்டணத்தைத் தள்ளச் சொல்லி அசோசியேஷன் போர்டிடம் கேட்கலாம். சம்மதித்தால் எழுத்தில் வாங்குங்கள். வங்கிக்குத் தெரியாமல் தனியாகக் கொடுத்துச் சரிக்கட்டவே கூடாது. ஒவ்வொரு டாலரும் குளோசிங் கணக்கான செட்டில்மென்ட் ஸ்டேட்மென்டில் ஏற வேண்டும்.

சர்டிபிகேட்டின் பலம்: அதை நம்பி வாங்கியவரிடம், அதில் காட்டிய தொகைக்கு மேல் அசோசியேஷன் கேட்க முடியாது. கணக்கு வக்கீலிடம் போயிருந்தால் அவர் பெயரும் அதிலேயே இருக்கும். அவருடைய பில் தொகையில் சேர்ந்திருக்கிறதா என்று முதலில் அதைப் பாருங்கள்.

பலவீனம் ஆயுள். மின்னஞ்சலில் வந்தால் 30 நாள், தபாலில் 35. வங்கியோ பதில் சொல்ல மாதக்கணக்கில் இழுக்கும். அதனால் ஆஃபர் கொடுக்கும்போது விற்பவரிடம் அசோசியேஷன் லெட்ஜரை வாங்கிக் கணக்குப் போடுங்கள். குளோசிங் தேதி உறுதியான பிறகு சர்டிபிகேட்டுக்குச் சொல்லுங்கள். அதன் கட்டணத்துக்கு 2017-இல் சட்டம் வகுத்த அடிப்படை உச்சவரம்பு 250 டாலர், பாக்கி இருந்தால் கூடுதலாக 150, அவசரத்துக்கு இன்னும் 100. விலைவாசியை ஒட்டி இவை 5 ஆண்டுக்கு ஒருமுறை மாறும். 10 வேலைநாளில் தராவிட்டால் கட்டணமே வாங்கக் கூடாது.

ஒன்றை மட்டும் இது காட்டாது: போர்டு இன்னும் நிறைவேற்றாத ஸ்பெஷல் அசெஸ்மென்ட் (பெரிய பழுது போன்ற செலவுக்கு உரிமையாளர்களிடம் பிரிக்கும் கூடுதல் தொகை). 2021-இல் மயாமி அருகே சர்ஃப்சைடில் ஒரு காண்டோ கட்டடம் இடிந்து 98 பேர் இறந்தபின், மூன்று மாடியும் அதற்கு மேலும் உள்ள பழைய காண்டோக்களுக்குக் கட்டமைப்பு ஆய்வு கட்டாயம். அந்த ஆய்வறிக்கையையும் கடைசி ஓராண்டு போர்டு கூட்டக் குறிப்புகளையும் (மினிட்ஸ்) தனியாகக் கேட்டு வாங்குங்கள்.