லேஸா, பேஸ்ட்டா? பிரெஞ்சு பாணி வாழ்த்து அட்டைக்கு எது சரி

பிரெஞ்சு பாணி அட்டை என்றால் நடுவில் ஈபிள் கோபுர ஸ்டாம்ப், ஓரத்தில் ஒரு ரோஜா, அவ்வளவுதான். நானும் அப்படி நிறையச் செய்திருக்கிறேன். விரலால் தடவினால் மேடுபள்ளம் தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டபோதுதான் எந்த வழியில் போவது என்ற குழப்பம் வந்தது. ஸ்டென்சில் (வடிவம் வெட்டிய தகடு) வழியாக டெக்ஸ்சர் பேஸ்ட் என்ற கெட்டிப் பசையைப் பூசலாம்; லேஸை ஒட்டி மேலே ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சைத் தடவலாம்; எம்பாசிங் ஃபோல்டர் என்ற, புடைப்பு வடிவம் கொண்ட பிளாஸ்டிக் மடிப்பில் தாளை வைத்து அழுத்தி எடுக்கலாம். 10க்கு 15 செ.மீ. அட்டையில் மூன்றையும் செய்து பார்த்தேன்.

ஃபோல்டரை முதலிலேயே ஒதுக்கிவிடுகிறேன். ஐம்பது அழைப்பிதழ் செய்பவருக்கு அது வேகமானது, சுத்தமானது. ஆனால் மேலே தண்ணீர் கலந்த வண்ணம் பட்டால் புடைப்பு தணிந்துவிடுகிறது. பல ஊடகங்களைக் கலந்து செய்கிற அட்டைக்கு அது ஆகாது.

பேஸ்ட்டுக்கு ஏற்றது பிரெஞ்சு மன்னர்களின் வெர்சாய் மாளிகையில் இருப்பது மாதிரியான சுவர் அலங்காரம். அந்தக் காலத்துப் பொன்முலாம் வேலையில், செதுக்கிய மரத்தின் மேல் சுண்ணப்பொடியும் பசையும் கலந்த பூச்சைப் பல முறை தடவுவார்கள். அதற்கு மேல் செம்மண் பூச்சு, கடைசியில் தங்கத்தாள். அதே வரிசையை அட்டையிலும் பின்பற்றலாம். கொடிச்சுருள் ஸ்டென்சிலின் மேல் சுமார் 2 மி.மீ. கனத்துக்குப் பேஸ்ட்டைக் கத்தியால் இழுத்து, ஸ்டென்சிலை நேராக மேலே தூக்க வேண்டும். உடனே கழுவாவிட்டால் அந்த ஸ்டென்சிலை மறந்துவிடலாம். ஓர் இரவு காய்ந்த பிறகு செங்கல் சிவப்பு அக்ரிலிக். அதுவும் காய்ந்ததும், தங்க மெழுகை விரல் நுனியில் எடுத்து மேடுகளை மட்டும் லேசாகத் தொட வேண்டும். பள்ளங்களில் சிவப்பு எட்டிப் பார்க்கும்போது பழைய படச்சட்டத்தின் களை வந்துவிடுகிறது. வெள்ளைப் பேஸ்ட்டின் மேல் நேரடியாகத் தங்கம் பூசினால் தீபாவளி ஸ்வீட் பாக்ஸ்தான்!

அவசரப்பட்டு ஹேர் டிரையர் காட்டினேன். பேஸ்ட் மேலே தோல் கட்டி, குமிழ் விட்டு, வெடித்தது. சலித்த சாக்பொடி, ஃபெவிகால், கொஞ்சம் வெள்ளை அக்ரிலிக் கலந்து வீட்டிலேயே பேஸ்ட் செய்யலாம். மலிவுதான், ஆனால் அட்டை வளைந்தால் மெல்லிய கோடுகள் உதிர்கின்றன.

லேஸுக்கு வருவோம். பிரான்சில் அலான்சோன் நகரத்து ஊசி லேஸ் 2010-ல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தது. ஒரு சதுர செ.மீ. செய்ய ஏழு மணி நேரம் ஆகுமாம். என் அட்டையை அதால் நிரப்பினால் 1,050 மணி நேரம்! நமக்குத் தையல் சாமான் கடையில் மீட்டர் கணக்கில் வாங்கும் மெஷின் லேஸ் போதும். பருத்தி லேஸாகப் பார்த்து வாங்குங்கள். நைலான் ஜெஸ்ஸோவை உறிஞ்சாது, காய்ந்ததும் உரிந்து வரும். ஜெஸ்ஸோவைத் தாராளமாகப் பூசினால் துளைகள் அடைபட்டு வெறும் கட்டிதான் மிஞ்சும். ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் ஒரே ஒரு பூச்சு. பிறகு தண்ணீராகக் கரைத்த பழுப்பு வண்ணத்தைத் தடவி ஈரத்துணியால் துடைத்தால், துளைகளில் மட்டும் நிறம் தங்கிக் கல்லில் செதுக்கியது போல ஆகிவிடுகிறது. தங்க மெழுகை இதில் தொடவே தோன்றவில்லை.

இரண்டிலும் நான் ஒரே தவறைச் செய்தேன். மேடுபள்ளத்தின் மேலேயே துவால் தெ ழூயி படத்தை ஒட்டினேன். வெளிர் துணியில் சிவப்போ நீலமோ ஒற்றை நிறத்தில் ஆட்டிடையர் காட்சிகள் அச்சிட்டிருக்குமே, அதுதான். (இதில் நமக்கும் பங்குண்டு. சோழமண்டலக் கரையிலிருந்து போன பூத்துணிகள் உட்பட இந்திய அச்சுத் துணிகளுக்கு 1686-ல் பிரான்ஸ் தடை போட்டது. 1759-ல் தடை நீங்கியதும், மறு ஆண்டே ஓபர்காம்ப் என்பவர் வெர்சாய் அருகிலுள்ள ழூயியில் அதே மாதிரித் துணிகளை அச்சிடும் பட்டறையைத் தொடங்கினார்.) செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட அந்த நுண்கோடுகளுக்குச் சமதளம் வேண்டும். லேஸின் மேல் ஒட்டியதில் இடைச்சியின் முகம் அம்மை போட்டது போல ஆகிவிட்டது. இப்போது நடுப்பகுதியைச் சமமாக விட்டுவிடுகிறேன். லேசர் பிரிண்டரில் டிஷ்யூ தாளில் எடுத்த படத்தை, ஓரங்களைக் கையால் கிழித்து அங்கே ஒட்டுகிறேன். இங்க்ஜெட் பிரதி பசை பட்டதும் கலங்கிவிடும். மேடுபள்ளம் சுற்றிலும் மட்டும்தான்.

அப்படியானால் எது? நேரில் கொடுக்கும் அட்டைக்குப் பேஸ்ட்தான். வெளிச்சம் பட்டு நிழல் விழும் அழகு லேஸுக்கு வராது. தபாலில் போவதற்கு லேஸ். வளைந்தாலும் தாங்கும், எடையும் குறைவு. துளை பெரிய லேஸாக இருந்தால் அதையே ஸ்டென்சிலாக வைத்துப் பேஸ்ட் இழுத்து, லேஸைத் தூக்கிவிடவும் செய்யலாம். பூவேலை அப்படியே பதிகிறது. ஆனால் அதுவும் பேஸ்ட்தானே, தபாலுக்கு ஆகாது.

எதைச் செய்தாலும் 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம்) எடையுள்ள வாட்டர்கலர் தாளில் செய்து, பின்புறமும் ஒரு கை ஜெஸ்ஸோ பூசிவிடுங்கள். இல்லாவிட்டால் காலையில் பார்க்கும்போது அப்பளம் போலச் சுருண்டிருக்கும்.