டெரகோட்டா நகை ஆன்லைன் விற்பனை: சில வருட அனுபவம், கணக்கு வழக்கோடு

லாக்டவுனில் பொழுதுபோக்காக டெரகோட்டா நகை, அதாவது சுட்ட மண் நகை செய்யக் களிமண் பிசைய ஆரம்பித்தவள் நான். சென்னை அயனாவரத்தில் இரண்டு பெட்ரூம் வாடகை வீடு, அதில் ஒரு மேஜைதான் பட்டறை. இப்போதும் அதே மேஜைதான், ஆனால் மாதா மாதம் பணம் வருகிறது. "நல்லா போகுதா அக்கா? நானும் ஆரம்பிக்கலாமா?" என்று கேட்பவர்களுக்கு ஒரே வரியில் பதில் சொல்ல முடியாததால் இதை எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நகை செய்வது மட்டுமே இந்தத் தொழில் இல்லை. மண்ணைத் தொடாத வேலையிலும் கணிசமான நேரம் போகிறது. அந்த நேரத்துக்கும் விலை போட்டவர்கள் நிற்கிறார்கள். போடாதவர்கள் ஒரு தீபாவளியோடு கடையை மூடுகிறார்கள்.

முதலில் மண். புரசைவாக்கம் பக்கம் கோசப்பேட்டையில் விநாயகர் சிலையும் கொலு பொம்மையும் செய்கிறவர்கள் தலைமுறையாக இருக்கிறார்கள். அங்கே கேட்டு வாங்கிய களிமண்ணில்தான் பழகினேன். சிலைக்கு அது அருமையான மண். கம்மலுக்கு அதைத் தண்ணீரில் கரைத்து, மெல்லிய துணியில் வடிகட்டி, கல்லும் வேரும் எடுத்து, மறுபடி இறுக விட வேண்டும். இப்போது சுத்தப்படுத்திய ரெடி களிமண் கிலோ பாக்கெட்டில் கிடைக்கிறது, அதையே வாங்குகிறேன். காசு கூடத்தான், ஆனால் வடிகட்டும் வேலை மிச்சம். காய்ந்து சுட்டு எடுப்பதற்குள் மண் பத்தில் ஒரு பங்கு வரை சுருங்கும், பாக்கெட்டுக்கு பாக்கெட் அந்த அளவும் மாறும். அதனால் ஒரு ஜோடி ஜிமிக்கியின் இரண்டு பக்கமும் ஒரே பிசைவில் செய்தாக வேண்டும். இன்று ஒன்று, நாளை ஒன்று என்று செய்தால் காதில் மாட்டிப் பார்க்கும்போது வித்தியாசம் தெரிந்துவிடும்.

சென்னையில் மண் நகைக்கு எதிரி ஈரக்காற்று. நிழலில் ஒரு வாரம் காய்ந்தால் போதும் என்று வீடியோக்களில் சொல்வார்கள். சித்திரை, வைகாசியில் அது சரி. ஐப்பசி, கார்த்திகை மழையில் இரண்டு வாரம் ஆனாலும் உள்ளே ஈரம் நிற்கும். தொட்டால் காய்ந்த மாதிரியே இருக்கும், கன்னத்தில் வைத்துப் பார்த்தால் ஜில்லென்று இருக்கும். அந்த நிலையில் சூட்டில் வைத்தால் உள்ளே இருக்கும் தண்ணீர் நீராவியாகி, வெளியே வர வழியில்லாமல் நகையைப் பிளந்துவிடும். அதனால் ஆரம்பத்தில் சூடு மெள்ள மெள்ள ஏற வேண்டும். உமியும் வரட்டியும் வைத்துச் சுட்டால் இது கையனுபவத்தில்தான் வரும். காற்றோட்டம் விட்டுச் சுட்டால் மண்ணில் இருக்கும் இரும்புச் சத்தால் செங்கல் சிவப்பு வரும். மூடிப் புகை கட்டிவிட்டால் அதே மண் கறுப்பாக வரும். கறுப்பு ஜிமிக்கிக்கு எப்போதுமே தனி மவுசு.

ஆனால் ஃப்ளாட் மொட்டை மாடியில் வரட்டி மூட்டம் போட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டுமா? துணி காயப்போட்ட கீழ் வீட்டு மாமியும் ஹவுஸ் ஓனரும் சேர்ந்தே மாடியேறி வந்தார்கள். பிறகு மினி எலக்ட்ரிக் கில்ன், அதாவது கரண்டில் ஓடும் சின்னச் சூளை வாங்கினேன். புகை கிடையாது, சூட்டை நம் இஷ்டத்துக்கு ஏற்றலாம், உடைவது வெகுவாகக் குறைந்தது. குறை என்றால் இரண்டு. கறுப்பு வருவதில்லை. அடுத்தது கரண்ட் பில்: இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் கீழ் அடுக்கு யூனிட்டுகளின் விலையும் சேர்ந்து ஏறிவிடும். ஏசி ஓடும் கோடையில் கில்ன் போடும் நாட்களை நான் எண்ணித்தான் போடுகிறேன். பதினைந்து ஆம்பியர் பிளக் பாயிண்ட் இல்லாத வீடாக இருந்தால் அந்தச் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கொக்கி, மணி, ஜம்ப் ரிங் (துண்டுகளை இணைக்கும் சின்ன வளையம்), பெட்டி எல்லாம் பாரிமுனைதான். சவுகார்பேட்டைச் சந்துகளில் காலையில் போனால் மூச்சு விடலாம், மாலையில் தோளோடு தோள். நாராயண முதலி தெருப் பக்கம் மணிகளை எடை போட்டுக் கொடுப்பார்கள். டி.நகரில் பத்து கிராம் வாங்கும் காசுக்கு இங்கே கை நிறைய வரும். கொக்கியில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். மலிவான பித்தளைக் கொக்கி சென்னை வியர்வையில் பச்சை பூக்கும், நிக்கல் பூச்சு சிலர் காதைப் புண்ணாக்கும். நான் 316எல் ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கொக்கிதான் போடுகிறேன், கேட்பவர்களுக்கு 92.5 வெள்ளி. ஜோடிக்கு சில ரூபாய் கூடுகிறது. "உங்க கம்மல் போட்டா மட்டும் காது அரிக்கல" என்று சொல்லித் திரும்பத் திரும்ப வாங்குபவர்கள் என் வியாபாரத்தில் பெரும்பங்கு. டிசைனுக்காக வந்தவர்களைவிட கொக்கிக்காகத் தங்கியவர்கள் அதிகம் என்றே நினைக்கிறேன்.

இனி விலை. ஒரு நடுத்தர ஜிமிக்கி ஜோடிக்கு மண், பெயின்ட், வார்னிஷ், கொக்கி, பெட்டி, பபுள் ராப் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 40 ரூபாய் என்று வையுங்கள். "நாப்பது ரூபாய் சரக்கை நூத்தம்பதுக்கு வித்தா லாபம்தானே" என்று தோன்றும். செய்து, தேய்த்து, இரண்டு கோட் பெயின்ட் அடித்து, வார்னிஷ் போட, பத்து ஜோடி சேர்த்துச் செய்தாலும் ஜோடிக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆகும். மணிக்கு 100 ரூபாய் என்றால் 125. ஃபோட்டோ எடுப்பது, "பிபி ப்ளீஸ் சிஸ்" என்று விலை கேட்பவர்களுக்குப் பதில் போடுவது, பேக்கிங், கூரியர் ஆபீஸ் வரிசை என்று இன்னொரு அரை மணி, அதற்கு 50. ஆக அடக்கமே 215. இதில் கரண்டும் உடைந்த ஜோடிகளும் சேரவில்லை. நான் 280க்கு விற்கிறேன், கூரியர் தனி. இன்ஸ்டாவில் இதே மாதிரி ஜிமிக்கி 120க்குக் கிடைக்கும், எனக்கும் தெரியும். அந்தச் சகோதரிகளிடம் எனக்கு ஒரே கேள்விதான்: உங்கள் நேரத்தை யாருக்கு இனாமாகக் கொடுக்கிறீர்கள்?

நேரத்தை விழுங்குவதில் முதல் இடம் புடவை மேட்சிங் ஆர்டருக்கு. பிளவுஸ் துணியை ட்யூப்லைட் வெளிச்சத்தில் ஃபோட்டோ எடுத்து அனுப்பி, "இதே கலர் வேணும்" என்பார்கள். அவர்கள் போனில் அரக்கு, என் போனில் வாடாமல்லி. இப்போது ஃபோட்டோவை நம்புவதில்லை, பெயரைக் கேட்கிறேன். மயில்கழுத்தா, எம்.எஸ். ப்ளூவா, கிளிப்பச்சையா, மாம்பழ மஞ்சளா? புடவைக் கடைப் பெயரைச் சொன்னால் பாதிக் குழப்பம் தீரும். மீதிக்கு என்னிடம் எண் போட்ட கலர் வில்லைகள் சுட்டு வைத்திருக்கிறேன். அவற்றை வெயிலில் படமெடுத்து அனுப்பி, எண்ணைச் சொல்லச் சொல்வேன். மேட்சிங் ஆர்டருக்குத் தனிக் கட்டணமும் முழு முன்பணமும் உண்டு. அப்படிச் சொன்ன பிறகு பாதிப்பேர் ரெடி ஸ்டாக்கிலேயே எடுத்துக்கொள்கிறார்கள். அதுதான் எனக்கு வேண்டியதும்.

விற்கும் இடங்களில் இன்ஸ்டாகிராம் முகம் காட்டத்தான். ரீல்ஸுக்கு வரும் பார்வைக்கும் வரும் ஆர்டருக்கும் சம்பந்தமே இல்லை. சக்கரத்தில் மண் சுற்றும் வீடியோவை வட இந்தியாவில் லட்சம் பேர் பார்ப்பார்கள், ஒரு ஜோடி கம்மல்கூட அதனால் நகராது. காசு வருவது வாட்ஸ்அப் பிசினஸில். கேட்டலாக் இலவசம், விலை அதிலேயே இருப்பதால் "பிபி" கேள்வி குறைகிறது. ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் லிஸ்ட்டில் ஒரு விஷயம்: ஒரு லிஸ்ட்டில் 256 பேர் வரைதான், அதிலும் நம் எண்ணை அவர்கள் போனில் சேமித்திருந்தால் மட்டுமே செய்தி போகும். அதனால் ஒவ்வொரு பெட்டியிலும் "நம்பரை சேவ் பண்ணிக்கோங்க" என்று ஒரு சீட்டு வைக்கிறேன். இன்ஸ்டா கணக்கு ஒருநாள் முடங்கினாலும் வாடிக்கையாளர்கள் கையில் இருப்பார்கள்.

பெரிய விற்பனைத் தளம் ஒன்றிலும் கொஞ்ச காலம் இருந்தேன். பிளாஸ்டிக் அச்சு நகைகளுக்கு நடுவே கைவேலை கிடந்து மங்கியது, ரிட்டர்ன் வந்த பெட்டிகளில் பாதி உடைசல். எனக்கு ஒத்துவரவில்லை. சில்க் த்ரெட் வளையல்காரர்களுக்கு ஒத்துவரலாம், அது விழுந்தாலும் உடையாது.

பணம் ஜிபே, ஃபோன்பே. யுபிஐயில் நமக்குக் கட்டணப் பிடித்தம் இல்லை என்பது இந்த மாதிரி சின்ன விலைச் சரக்குக்குப் பெரிய உதவி. ஸ்க்ரீன்ஷாட்டை நம்பிப் பார்சல் கட்டாதீர்கள், வங்கிக் கணக்கில் ஏறியதா என்று பாருங்கள். கேஷ் ஆன் டெலிவரி நான் தருவதே இல்லை. கதவைத் திறக்காமல் திருப்பி அனுப்பினால் போகவர இரண்டு கூரியர் செலவும் நம் தலையில்.

பேக்கிங்கில் கவனிக்க வேண்டியது பெட்டியின் அளவு. பல கூரியர்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுத்து வரும் கிலோ அதிகமாக இருந்தால் அதற்குத்தான் காசு. நூறு கிராம் ஜிமிக்கியைப் பெரிய பெட்டியில் போட்டு அனுப்பினால் வெறும் காற்றுக்குப் பணம் கட்டுகிறோம். என் முறை: ஜிப் கவர், பஞ்சு, சின்னக் கெட்டி அட்டைப்பெட்டி, அதைச் சுற்றி இரண்டு சுற்று பபுள் ராப். மழைக்காலத்தில் ஜிப் கவருக்குள் ஒரு சிலிக்கா ஜெல். வார்னிஷ் அடித்த அன்றே கவரில் போட்டால் ஒட்டிக்கொள்ளும், இரண்டு மூன்று நாள் காற்றாட வைக்க வேண்டும்.

காகித வேலை பயந்த அளவு இல்லை. உத்யம் பதிவு, அதாவது சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு, அரசுத் தளத்தில் ஆதார் வைத்து இலவசமாகவே முடிகிறது. கூகுளில் மேலே வந்து காசு கேட்கும் தளங்கள் வேறு யாரோ நடத்துவது. ஜிஎஸ்டியில், தமிழ்நாட்டுக்குள் மட்டும் பொருள் விற்றால் ஆண்டுக்கு 40 லட்சம் வரை பதிவு கட்டாயமில்லை. வெளிமாநிலத்துக்கு அனுப்பினால் விதி வேறு, கைவினைப் பொருட்களுக்குச் சில சலுகைகள் உண்டு. ஒரு ஆடிட்டரிடம் ஒருமுறை உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

இந்தத் தொழிலைத் தாங்கிப் பிடிப்பது கொலு. நவராத்திரிக்கு வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுக்க, ஐம்பது ஜோடி, நூறு ஜோடி சின்னக் கம்மல் கேட்பார்கள். ஜோடிக்கு விலை குறைவு. ஆனால் ஒரே டிசைன், ஒரே பேச்சு, ஒரே பார்சல். மேலே சொன்ன அந்த அரை மணி நேரம் இதில் ஒவ்வொரு ஜோடிக்கும் கிடையாது. ஆடி மாதத்தில் கல்யாணம் இல்லை, விற்பனையும் படுத்துவிடும். நான் அந்த மாதம் முழுக்கக் கொலு ஆர்டருக்குத்தான் உட்கார்ந்து செய்கிறேன், வெயிலும் இருக்கிறது, காயவும் காயும். அடுத்து மார்கழி சீசனில் சபா கேன்டீனுக்குப் போகிறவர்கள் கைத்தறிப் புடவைக்குக் கறுப்பும் செம்மண்ணும் தேடுவார்கள். சுய உதவிக் குழுவில் இருப்பவர்களுக்கு நுங்கம்பாக்கம் அன்னை தெரசா மகளிர் வளாகத்தில் நடக்கும் கண்காட்சிகள் நல்ல வாய்ப்பு. வாங்குபவர் கையில் எடுத்துப் பார்த்தால் மண் நகை காதில் கனக்குமோ என்ற பயம் அங்கேயே போய்விடும்.

வகுப்பு எடுப்பது பற்றியும் கேட்கிறார்கள். எடுக்கிறேன், சனிக்கிழமைகளில், நாலு பேருக்கு மேல் இல்லாமல். மாதம் ஐம்பதாயிரம் ஈஸி என்று விளம்பரம் போட்டு வகுப்பு விற்பவர்கள் பலருக்கு நகையில் வருவதைவிட வகுப்பில்தான் வருமானம். கட்டணம் கட்டும் முன் அவர்களின் ஆர்டர் புத்தகத்தைக் காட்டச் சொல்லிப் பாருங்கள்.

புதிதாக ஆரம்பிப்பவர்கள் முதல் நாளே கில்ன் வாங்க வேண்டாம். ஏற்கெனவே வைத்திருப்பவரிடம் கட்டணம் கொடுத்துச் சுட்டு வாங்குங்கள், என்னிடம்கூட இரண்டு பேர் அப்படிக் கொண்டு வருகிறார்கள். ஐந்து டிசைன், நாலு கலர் போதும். மிச்சப் பணத்தை நல்ல கொக்கியிலும் கெட்டிப் பெட்டியிலும் போடுங்கள். பார்த்துக்கொண்டிருக்கும் வேலையை இதை நம்பி விடாதீர்கள். நான் இன்னும் காலை வேளைகளில் ஒரு பள்ளியில் கணக்கு எழுதத்தான் போகிறேன், மண் வேலை மதியம் இரண்டு மணிக்கு மேல்.