வனேடியமா, மாங்கனீசா? நிலக்கரிப் புகைக்கு ஏற்ற வினையூக்கி எது

வினையூக்கி ஆய்விதழ்களைப் புரட்டினால், 150 டிகிரி செல்சியஸிலேயே புகையில் வரும் மாசான நைட்ரஜன் ஆக்சைடுகளை ஏறக்குறைய முழுவதும் நீக்கிவிடும் மாங்கனீசு வினையூக்கிகள் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். அனல்மின் நிலையங்களில் அடுக்கடுக்காக நிற்பதோ 1970களில் ஜப்பானில் நடைமுறைக்கு வந்த அதே வனேடியம்தான். புதியவனுக்கு இடம் கிடைக்காததற்குப் பழைமைப் பற்று காரணமல்ல. கந்தகமும் சாம்பலும்தான் காரணம்.

இரண்டும் செய்யும் வேலை ஒன்றே. புகையில் அம்மோனியாவைத் தெளித்தால், வினையூக்கியின் பரப்பில் அது நைட்ரிக் ஆக்சைடோடு வினைபுரிந்து நைட்ரஜனும் நீராவியுமாக மாறுகிறது. வனேடியத்துக்கு இதற்கு 300 முதல் 400 டிகிரி வரை சூடு வேண்டும். அதனால் அதைக் கொதிகலனை ஒட்டி, உலைக்குப் போகும் காற்றைப் புகையின் சூட்டால் சூடாக்கும் காற்றுச் சூடேற்றிக்கு முன்பாக, சாம்பல் முழுவதும் பறக்கும் இடத்தில் வைக்க வேண்டியிருக்கிறது.

வனேடியம் ஆக்சைடைத் தாங்கி நிற்கும் பொருளைப் பற்றிப் பலர் பேசுவதில்லை. எனக்கு அதுதான் முக்கியம். அலுமினாவின் (அலுமினியம் ஆக்சைடு) பரப்பு பெரிது, விலையும் குறைவு. ஆனால் கந்தக டிரை ஆக்சைடு பட்டதும் அது அலுமினியம் சல்பேட்டாகிறது, நுண்துளைகள் அடைபடுகின்றன. அனடேஸ் என்ற படிக வடிவ டைட்டானியம் டை ஆக்சைடு சல்பேட்டை அப்படி இறுகப் பிடிப்பதில்லை. மேலே ஒட்டும் கொஞ்சமும் அமிலத்தன்மையைக் கூட்டி, அம்மோனியா வந்து அமர உதவுகிறது. மற்றவற்றுக்கு நஞ்சாவது இங்கே துணைக்கு வருகிறது. வனேடியத்தின் நீண்ட ஆயுளில் பாதிப் புகழ் டைட்டானியத்துக்குச் சேர வேண்டும்.

குறை இல்லாமல் இல்லை. வனேடியம் கூடினால் கந்தக டை ஆக்சைடையும் டிரை ஆக்சைடாக்கிவிடும். அது மிச்ச அம்மோனியாவோடு சேர்ந்து அம்மோனியம் பைசல்பேட் ஆகும். 147 டிகிரியில் உருகும் இந்த உப்பு காற்றுச் சூடேற்றியின் தகடுகளில் பிசின்போல் ஒட்டிக்கொள்ள, அதன்மேல் சாம்பல் படிந்து புகையின் வழியே அடைபடும். ஆகவே நிலக்கரி நிலையங்களில் வனேடியத்தை 1 விழுக்காட்டை ஒட்டியே வைத்து, டங்ஸ்டன் ஆக்சைடைத் தாராளமாகச் சேர்க்கிறார்கள்.

மாங்கனீசின் கவர்ச்சி அது வேலை செய்யும் சூடுதான். 100 முதல் 200 டிகிரி போதுமென்றால், சாம்பலைப் பிரித்து, கந்தகத்தையும் கழுவிய பிறகு, புகைபோக்கிக்கு அருகிலேயே அதைப் பொருத்தலாம். ஈரக் கழுவலில் 50, 60 டிகிரிக்கு இறங்கிவிடும் புகையைத் திரும்பச் சூடாக்கும் எரிபொருள் செலவும் குறையும். ஆனால் கழுவிய புகையிலும் கொஞ்சம் கந்தகம் மிஞ்சும். அது இருவிதமாகத் தாக்கும். மேலே படியும் அம்மோனியம் சல்பேட்டை 400 டிகிரி வரை சூடாக்கி விரட்டலாம். மாங்கனீசே சல்பேட்டாகிவிட்டால், அதைப் பிரிக்க 700 டிகிரிக்கு மேல் வேண்டும். அந்தச் சூட்டில் வினையூக்கியே கெட்டுவிடும். சீரியம் என்ற உலோகத்தைச் சேர்த்தால் கந்தகத்தைத் தன்மேல் வாங்கிக்கொண்டு மாங்கனீசைச் சில காலம் காக்கும், அவ்வளவுதான். இன்னொரு குறை, துணைப்பொருளாக வெளிவரும் நைட்ரஸ் ஆக்சைடு. புவியை வெப்பமூட்டும் அதன் ஆற்றல் கரியமில வாயுவைப்போல் சுமார் 270 மடங்கு.

லாரிகளில் போட்டியாளர் வேறு: செப்பு ஏற்றிய சியோலைட் என்ற நுண்துளைக் கனிமம். புகைக்கரி வடிகட்டியைச் சுத்தப்படுத்தும்போது எழும் 600 டிகிரிச் சூட்டில் வனேடியம் ஆவியாகத் தொடங்கும், சியோலைட் தாங்கும். பி.எஸ். 6 (பாரத் ஸ்டேஜ் 6) தர டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குதான் என்பதால் அங்கே அது பிழைக்கிறது. நிலக்கரிப் புகையில் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நம் நாட்டு நிலக்கரியில் கந்தகம் குறைவு; சாம்பலோ 30 முதல் 45 விழுக்காடு. அதிலுள்ள சிலிக்கா உப்புத்தாள்போல் தேய்க்கிறது. தேன்கூடு வடிவ வினையூக்கிக் கட்டியின் முகப்பு 15 சென்டிமீட்டர் சதுரம், அதில் சில மில்லிமீட்டர் அகலத் துளைகள். துளைகளில் சாம்பல் திணிந்தால் உள்ளே உள்ள வனேடியத்தைப் புகை எட்டவே எட்டாது. 2015 டிசம்பரில் வந்த மத்திய அரசு விதி, 2017 முதல் நிறுவப்படும் அலகுகளுக்கு நைட்ரஜன் ஆக்சைடை ஒரு கனமீட்டருக்கு 100 மில்லிகிராம் என்று வரையறுத்தது. அந்த அளவை எட்ட நான் தேர்வது வனேடியம்–டங்ஸ்டன்–டைட்டானியமே: அகலத் துளையோடு, முகப்பைக் கடினமாக்கி, மேலே சாம்பல் ஊதும் குழாய்களும் வைத்து. மாங்கனீசைக் கந்தகமே இல்லாத எரிவாயு உலைகளில் முதலில் ஓட்டிப் பார்க்கலாம்.