கர்ப்பப்பையை எடுத்த பிறகு ஆய்வகத்துக்கு எது போகிறது என்று பாருங்கள்

மேலூர்ப் பக்கம் வசிக்கும் என் அக்காவுக்கு வயது 47. உதிரப்போக்கு நிற்காததால் சென்ற ஆண்டு மதுரையில் ஒரு தனியார் நர்சிங் ஹோமில் காட்டினோம். ஸ்கேனில் கர்ப்பப்பையில் 11 சென்டிமீட்டர் கட்டி தெரிந்தது. சாதாரண ஃபைப்ராய்டுதான் (புற்றுநோயல்லாத தசைக்கட்டி), லேப்ராஸ்கோப்பியில் கர்ப்பப்பையோடு எடுத்துவிடலாம், மூன்றாம் நாள் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். அவ்வளவு பெரிய கர்ப்பப்பையைச் சிறு துளை வழியாக வெளியே எடுக்க, வயிற்றுக்குள்ளேயே கருவியால் துண்டு துண்டாக அறுப்பார்கள் என்பதை ஒருவரும் சொல்லவில்லை.

ஃபைப்ராய்டு என்று எண்ணி அறுவை செய்துகொள்ளும் பெண்களில் ஏறத்தாழ 350 பேரில் ஒருவருக்கு, முன்பே கண்டறியப்படாத சார்க்கோமா என்னும் புற்றுநோய் கர்ப்பப்பையில் இருக்கக்கூடும் என்றும், அதை உள்ளேயே அறுத்தால் வயிறெங்கும் பரவக்கூடும் என்றும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2014 ஏப்ரலிலேயே எச்சரித்திருக்கிறது. ஸ்கேனில் இவ்வகைக் கட்டிகள் ஃபைப்ராய்டைப் போலவே தோன்றலாம். கர்ப்பப்பையின் உட்பரப்பைச் சுரண்டி எடுக்கும் பயாப்சியிலும், தசைச் சுவருக்குள் இருக்கும் கட்டி அகப்படாமல் போகலாம். ஆகவே எடுத்த பிறகு நடக்கும் திசு ஆய்வுதான் கடைசிக் காவல். எங்களுக்கு அந்தக் காவலையே கைவிட்டார்கள்.

அறுவை முடிந்த சனிக்கிழமை மாலையில், கட்டைவிரல் அளவு சதைத் துண்டு ஒன்று கிடந்த சிறு புட்டியை என் கையில் கொடுத்து ஆய்வகத்தில் சேர்க்கச் சொன்னார்கள். மீதி எங்கே என்று கேட்டேன். “எல்லாம் ஒரே கட்டிதானே தம்பி, ஒரு துண்டு போதும்” என்றார் செவிலியர். ஆய்வகம் பூட்டியிருந்ததால் திங்கட்கிழமைதான் கொடுக்க முடிந்தது. புட்டியைத் திறந்து பார்த்த ஆய்வக ஊழியர், இதில் இருப்பது திசுவைக் கெடாமல் காக்கும் ஃபார்மலின் இல்லை, வெறும் உப்புநீரான சலைன் என்றார். ஃபார்மலினில் உடனே இடாத திசு அழுகத் தொடங்கும். இரண்டாகப் பிரிந்து பெருகிக்கொண்டிருக்கும் செல்களை எண்ண முடியாமல் போகும். லியோமயோசார்க்கோமா என்னும் தசைப் புற்றுநோயை ஃபைப்ராய்டிலிருந்து பிரித்தறிய அந்த எண்ணிக்கையும், செல்களின் உருக்கோளாறும், கட்டிக்குள் செல்கள் மடிந்து கிடக்கும் இடங்களும்தான் முதன்மையான அடையாளங்கள். கட்டியின் ஓரிடத்தில் இருப்பது மற்றோரிடத்தில் இருக்காது என்பதால், ஐயத்துக்குரிய பெரிய கட்டியில் சென்டிமீட்டருக்கு ஒன்று என்ற கணக்கில் துண்டுகள் எடுத்துப் பார்ப்பது வழக்கம் என்பதைப் பின்னர்தான் அறிந்தேன்.

ரிப்போர்ட் வந்தபோது டாக்டர் முதல் வரியை மட்டும் பார்த்து, “லியோமயோமாதான், பயமில்லை” என்றார். ஃபைப்ராய்டின் மருத்துவப் பெயர் அது. திசு சரியாகப் பதப்படவில்லை, முழு மாதிரியும், திசுவிலுள்ள புரதங்களைச் சாயமேற்றிக் காணும் ஐ.எச்.சி. பரிசோதனையும் தேவை என்று கீழே இரண்டு வரிகள் ஆங்கிலத்தில் இருந்தன. அவற்றை அவர் சொல்லியிருக்க வேண்டும். இன்றுவரை என்னால் மன்னிக்க முடியாதது இதுதான்.

ஒன்பது மாதங்களில் அக்காவின் அடிவயிற்றில் மீண்டும் கட்டிகள் வந்தன. சென்னையில் பார்த்த புற்றுநோய் மருத்துவர் முதலில் கேட்டது பழைய திசுவை மெழுகில் பதித்து வைத்த பாரஃபின் பிளாக்கையும் ஸ்லைடுகளையும்தான். ஆய்வகம் எழுத்துமூலம் கேட்டவுடன் தந்துவிட்டது. ஆனால் அந்த ஒற்றைப் பிளாக்கை வைத்து எதையும் உறுதிசெய்ய இயலவில்லை. புதிதாக எடுத்த பயாப்சியில்தான் ஏ.எல்.கே. என்னும் புரதம் பாசிட்டிவ் என்றும், இது இன்ஃப்ளமேட்டரி மயோஃபைப்ரோபிளாஸ்டிக் டியூமர் என்ற அரிய கட்டி என்றும் தெரிந்தது. கூழ்போன்ற பின்னணியில் தசைச் செல்களை ஒத்த செல்கள் கிடப்பதால், ஏ.எல்.கே. பார்க்காவிட்டால் இதை லியோமயோமா என்றே எழுதிவிடக்கூடும். பெயர் சரியாகத் தெரிந்தால்தான் மருந்தும் கிடைக்கும். முழுமையாக அறுத்தெடுக்க முடியாத, அல்லது மீண்டும் வந்த ஏ.எல்.கே. பாசிட்டிவ் கட்டிக்கு கிரிசோடினிப் மாத்திரையை அமெரிக்காவில் 2022-இல் அங்கீகரித்திருக்கிறார்கள். அக்கா அதைத்தான் இப்போது சாப்பிடுகிறார். சென்ற மாத ஸ்கேனில் கட்டிகள் சிறுத்திருக்கின்றன.

கர்ப்பப்பை அறுவைக்குப் போகிறவர்கள், உள்ளே வைத்து அறுப்பீர்களா, அறுத்தால் துண்டுகள் சிதறாமல் தடுக்கும் பைக்குள் வைத்து அறுப்பீர்களா என்று கையெழுத்திடும் முன்பே கேளுங்கள். எடுத்தது முழுவதும், போதுமான ஃபார்மலினில், அன்றே ஆய்வகத்துக்குப் போக வேண்டும் என்று சொல்லுங்கள். ரிப்போர்ட்டின் கடைசி வரி வரை விளக்கச் சொல்லி, நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு இந்திய மருத்துவக் கவுன்சில் நெறிமுறை விதி. அதைக் குறிப்பிட்டு அந்த நர்சிங் ஹோமுக்கு இரண்டு பதிவுத் தபால்கள் அனுப்பினேன். ஐந்து வாரம் கழித்து அறுவைக் குறிப்பு வந்தது. அறுக்கும்போது அந்தத் தடுப்புப் பையைப் பயன்படுத்தினார்களா என்பதும், மீதித் திசுவை என்ன செய்தார்கள் என்பதும் அதில் ஓரிடத்திலும் இல்லை.