பூர்த்தியான சேவை வருடத்தை எண்ண எந்த டேட்டாபேஸ் குவெரி (தரவைக் கேட்கும் கட்டளை) நல்லது?

கொழும்பில் சம்பள மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு இந்தக் கேள்வி ஒருநாள் வந்தே தீரும். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, ஐந்து வருட சேவையைப் பூர்த்தி செய்தவருக்கே, விலகும்போது முதலாளி கொடுக்கும் தொகையான பணிக்கொடை. மாதச் சம்பளக்காரருக்கு, பூர்த்தியான ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம். டேட்டாபேஸ் 4 என்கிறதா, 5 என்கிறதா என்பதில் ஒருவருடைய உழைப்பின் காசு தங்கியிருக்கிறது. எங்கள் சிஸ்டத்துக்கு நாங்கள் எடுத்தது மைஎஸ்கியூஎல் (MySQL) டேட்டாபேஸின் டைம்ஸ்டாம்ப்டிஃப் (TIMESTAMPDIFF), அதாவது இரண்டு திகதிகளுக்கு இடைப்பட்ட காலத்தைத் தரும் செயற்பாடு.

ஆண்டிலிருந்து ஆண்டைக் கழிக்கும் முறையை உடனே தள்ளிவிடலாம். 2019 டிசெம்பர் 2 சேர்ந்து 2024 நவம்பர் 29 விலகியவருக்கும் அது 5 என்றே சொல்லும். இன்னொரு டேட்டாபேஸான எஸ்கியூஎல் சர்வரின் டேட்டிஃப் (DATEDIFF) செயற்பாட்டிடம் வருடம் கேட்டாலும் இதே விடைதான். இடையில் எத்தனை ஜனவரி முதலாந் திகதி வந்தது என்றுதான் அது எண்ணுகிறது. (மைஎஸ்கியூஎல்லில் அதே பெயருள்ள செயற்பாடு நாட்களைத் தரும். ஒரு டேட்டாபேஸிலிருந்து மற்றதற்கு மாறுகிறவர்கள் கவனிக்க.)

நாட்களை 365.25ஆல் வகுப்பது பலருக்குப் பிடித்த வழி. 2021 ஜனவரி 1இலிருந்து 2026 ஜனவரி 1 வரை 1826 நாட்கள். வகுத்தால் 4.9993, தசமத்தை வெட்டினால் 4. சாதாரண நாட்களில் சரியாக இருந்துவிட்டு, ஐந்து வருடம் நிறைகிற அன்றைக்கே பிழையாகிறது. பணிக்கொடைக் கணக்குக்கு அந்த ஒரு நாள்தான் முக்கியம்.

டைம்ஸ்டாம்ப்டிஃப் மாதத்தையும் திகதியையும் பார்த்து, நிறைந்த வருடத்தை மட்டும் எண்ணும். மேலே சொன்ன இரண்டு உதாரணங்களுக்கும் முறையே 4, 5 என்று சரியாகத் தருகிறது. ஆனால் அதற்கு எந்தத் திகதியைக் கொடுக்கிறோம் என்பதில்தான் முழு விஷயமும் இருக்கிறது. 2021 ஜனவரி 1 சேர்ந்து 2025 டிசெம்பர் 31 மாலை வரை வேலை செய்தவர் ஐந்து முழு வருடம் உழைத்துவிட்டார். விலகல் திகதியாக 31ஐ அப்படியே கொடுத்தால் குவெரி 4 என்றே சொல்லும். கடைசி வேலை நாளுடன் ஒரு நாளைக் கூட்டியே கொடுக்க வேண்டும். டேட்டாபேஸில் விலகல் திகதியாகப் பதிவாவது கடைசி வேலை நாளா, அதற்கு மறுநாளா என்று கணக்காளரிடம் முதலில் கேட்டு, பதிலைக் குவெரிக்குப் பக்கத்திலேயே குறிப்பாக எழுதிவையுங்கள்.

போஸ்ட்கிரெஸ் (PostgreSQL) என்ற டேட்டாபேஸின் ஏஜ் (AGE) செயற்பாட்டை அறிக்கைகளுக்கு மட்டுமே பயன்படுத்தியிருக்கிறேன். அதிலும் நிறைந்த வருடத்தைப் பிரித்தெடுக்கலாம். பிந்திய திகதியை முதலில் கொடுக்க வேண்டும். பெப்ரவரி 29 சேர்ந்தவர்களைத் தனியே சோதியுங்கள்: லீப் அல்லாத ஆண்டில் மைஎஸ்கியூஎல்லுக்கு மார்ச் 1 அன்றுதான் வருடம் நிறையும். எஸ்கியூஎல் சர்வரில், வேலையில் சேர்ந்த திகதியுடன் வருடங்களைக் கூட்டிப் பார்த்தால் பெப்ரவரி 28இலேயே நிறைந்துவிடும்.