கிராண்டிடியரைட் என்று 38,000 ரூபாய்க்கு விற்றார்கள், கையில் இருப்பது அபடைட்

இது கிராண்டிடியரைட் என்னும் அரிய ரத்தினக் கல் என்று யாராவது நீலப்பச்சைக் கல்லோடு வந்தால், பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு விற்றவர் இப்போதும் தென்காசிப் பக்கம் கல் காட்டிக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

பள்ளிக்கூட நாளிலிருந்தே நான் கல் சேர்ப்பவன். உவரிக் கடற்கரையில் அலை ஒதுக்கிய சிவப்பு மணலைத் தாளில் கொட்டி, கார்னெட் மணிகளைப் பொறுக்கியதில் தொடங்கிய ஆசை. அந்தக் கார்னெட்டும், அதே மணலில் கிடக்கும் ஜிர்கானும் நீசோசிலிக்கேட் வகை. சிலிக்கனைச் சுற்றி நாலு ஆக்சிஜன் அமைந்த நான்முகிகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியாக நிற்கும். நீசோஸ் என்றால் கிரேக்க மொழியில் தீவு. கிராண்டிடியரைட்டும் இதே குடும்பம்தான், ஆனால் மெக்னீசியம், அலுமினியத்தோடு போரானும் அதில் உண்டு. அதைச் சிறுவயதில் படித்ததிலிருந்தே ஒன்றாவது வாங்கிவிட வேண்டும் என்று இருந்தேன்.

1902ல் ஆல்ஃபிரட் லாக்ருவா என்ற பிரெஞ்சு அறிஞர், மடகாஸ்கரின் தென்கோடியில் கிடைத்த இந்தக் கனிமத்தை முதலில் விவரித்தார். அந்தத் தீவை ஆராய்ந்த ஆல்ஃபிரட் கிராண்டிடியேயின் பெயரையே வைத்தார். கிடைப்பதில் பெரும்பாலானது மங்கலாக இருக்கும். உள்ளே பார்த்தால் அந்தப் பக்கம் தெரிகிற தெளிவான கல் மிகமிக அபூர்வம். என்னிடம் காட்டியதோ தண்ணீர் போலத் தெளிவான 4.30 காரட். அப்போதே நான் நிதானித்திருக்க வேண்டும். அசல் என்றால் அந்த எடைக்கு 38,000 விலையே கிடையாது.

தெரிந்தவர் ஒருவர் வழியாக வந்த ஆள். சந்திப்பு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜ் அறையில் கல்லைக் காட்டினார். "அண்ணாச்சி, மடகாஸ்கரும் நம்ம சீமையும் ஒரு காலத்துல ஒட்டிக் கெடந்த மண்ணுதானே? இது அச்சன்கோவில் மலைப்பக்கம் எடுத்தது" என்றார். முதல் பாதி உண்மை. கோண்ட்வானாக் கண்டத்தில் தென்னிந்தியாவும் மடகாஸ்கரும் சேர்ந்தே இருந்தன. அச்சன்கோவில் பாறைப் பகுதியைத் தெற்கு மடகாஸ்கரோடு ஒப்பிட்டு எழுதியவர்கள் உண்டு. அது எனக்கும் தெரிந்த விஷயம் என்பதால் மீதிப் பாதியையும் நம்பிவிட்டேன். கூடவே பிளாஸ்டிக் உறை போட்ட சான்றிதழ் அட்டை ஒன்று. எடை, நிறம், 'இயற்கைக் கல்' என்பது, ஒரு படம், அவ்வளவுதான். ஒளி கல்லுக்குள் எவ்வளவு வளைகிறது என்று காட்டும் ஒளிவிலகல் எண்ணும் இல்லை, அதே அளவு தண்ணீரைவிடக் கல் எத்தனை மடங்கு கனம் என்று காட்டும் ஒப்படர்த்தியும் இல்லை. அந்த ரெண்டும் இல்லாத அட்டை வெறும் அட்டைதான்.

30,000 ரொக்கமாகவும், 8,000 போனிலும் கொடுத்தேன். பில் கேட்டதற்கு, "கல்லு வியாபாரத்துல நாக்குதான் அண்ணாச்சி பில்லு" என்றார்.

பத்து நாள் கழித்து, நிலவியல் படிக்கும் அக்கா மகள் பாளையங்கோட்டையில் வீட்டுக்கு வந்தாள். பத்து மடங்கு லென்ஸில் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மாமா, அடிப்பக்கப் பட்டைக் கோடெல்லாம் ஒத்தையாவே தெரியுது. இதுல ரெண்டு ரெண்டாத் தெரியணும்லா?" என்றாள். கிராண்டிடியரைட்டின் ஒளிவிலகல் எண் திசைக்குத் திசை மாறி, சுமார் 1.58லிருந்து 1.64 வரை போகும். இந்த வித்தியாசம் பெரியது என்பதால், மேல்முகம் வழியாகப் பார்த்தால் பின்பக்க ஓரங்கள் இரட்டையாகத் தெரியும். சில திசைகளில் தெரியாது, ஆகவே ஒரே கோணத்தில் பார்த்து முடிவு செய்யக் கூடாது. நாங்கள் எல்லாப் பக்கமும் பார்த்தோம். ஒரு இடத்திலும் இரட்டை இல்லை.

அப்புறம் எடை. தெரிந்த நகைப் பட்டறையில் மில்லிகிராம் தராசு இருந்தது. தராசில் தண்ணீர்க் கிண்ணத்தை வைத்துப் பூஜ்யமாக்கிவிட்டு, கல்லை நூலில் கட்டி, அடியில் தொடாமல் தண்ணீருக்குள் தொங்கவிட்டோம். 0.270 கிராம் காட்டியது, அது கல் விலக்கிய தண்ணீரின் எடை. கல்லின் எடை 0.860 கிராம். இதை அதால் வகுத்தால் ஒப்படர்த்தி 3.19. கிராண்டிடியரைட் 2.98 அளவில் இருக்கும். இந்த எடைக்குத் தராசு 0.289 காட்டியிருக்க வேண்டும். 3.19, ஒற்றைக் கோடு, நீலப்பச்சை, மூன்றையும் சேர்த்தால் அபடைட்.

அபடைட் சிலிக்கேட்டே கிடையாது, கால்சியம் பாஸ்பேட். 1 முதல் 10 வரை போகும் மோ அளவுகோலில் கடினம் 5. கிராண்டிடியரைட் 7.5. இதே நிறத்தில் அபடைட் மடகாஸ்கரிலேயே தாராளமாகக் கிடைக்கிறது. மற்ற கற்களாகப் பலரும் இதைத் தவறாக எண்ணியதால், ஏமாற்று என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து 1786ல் ஜெர்மன் கனிமவியல் அறிஞர் வெர்னர் இந்தப் பெயரை வைத்தார். அழகான கல்தான், அபடைட் என்று சொல்லி அதன் விலைக்கு விற்றிருந்தால் எனக்கு வருத்தமே இல்லை.

போன் போட்டேன். "வித்த கல்லத் திரும்ப எடுக்குற வழக்கம் இல்ல" என்றார். மறுநாளிலிருந்து எண் அணைந்து கிடக்கிறது. அறிமுகப்படுத்தியவரும் பேசுவதை நிறுத்திவிட்டார்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ல் புகார் சொல்லியிருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருஷம் அவகாசம் உண்டு. கையில் உள்ள ஆதாரம் அந்த 8,000 ரூபாய் போன் ரசீது மட்டும்தான். முழுப் பணத்தையும் அப்படியே அனுப்பியிருந்தால் இன்று முழுத் தொகைக்கும் சாட்சி இருந்திருக்கும்.

கடினத்தை உறுதி செய்ய எஃகு ஊசியால் கீறிப் பார்க்கலாமா என்று அக்கா மகள் கேட்டாள். வேண்டாம் என்றேன். ஆணையத்தில் காட்டும்போது கல் வாங்கியபடியே இருக்க வேண்டும். அந்த அட்டையோடு சேர்த்து உறையில் போட்டு, தேதி எழுதி வைத்திருக்கிறேன்.